மூட்டை மாதிரி தைத்த நோட்டு

என் பெண்டாட்டி மாடத்தி அதை என் முன்னால் கொண்டுவந்து வைத்தபோது, அது நோட்டு என்றே எனக்குத் தெரியவில்லை.

உள்ளங்கை அகலத்தில் ஒரு காகிதக் கட்டு. இரண்டு ஓரத்திலும் அடியிலும் சணல் போட்டு, கோணி ஊசியால் நெருக்கித் தைத்திருந்தாள். மேல் பக்கம் மட்டும் திறந்திருந்தது. சாதாரணத் தையல் இல்லை. வத்தல் மூட்டை லாரியில் ஏறி மதுரை வரைக்கும் உருண்டு புரண்டு போனாலும் பிரியாத தையல். கீழ் மூலைகளில் மூட்டைக்கு விடுவது போலக் காது வேறு விட்டிருந்தாள், பிடித்துத் தூக்குவதற்கு.

பிரித்துப் பார்த்தேன். பிரியவில்லை. மேலே திறந்திருந்த வாய்க்குள் விரலை விட்டு ஒரு தாளை இழுத்தேன். பாதி கிழிந்து கையோடு வந்தது.

"பாத்து, பாத்து! வாய்ப்பக்கம் விட்டுத்தான வச்சிருக்கேன்?" என்றாள்.

இதில் எப்படி எழுதுவது என்று கையை ஆட்டிக் கேட்டேன்.

"அதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? சுத்தித் தைக்காட்டா தாளு பூராவும் காத்துல போயிராதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வரக் கூடாது. துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் முட்டச் சிரித்தேன். வாய் அடைபட்ட பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அது.

முதலில் முறைத்தாள். பிறகு அந்தக் காதைப் பிடித்து நோட்டைத் தூக்கி, எடை பார்ப்பது போல ஆட்டிக் காட்டினாள். அப்புறம் அவளும் சிரித்தாள்.

அவள் பிறந்து வளர்ந்தது திருவேங்கடத்துப் பக்கம், கரிசல் காட்டில். வத்தலையும் பருத்தியையும் சாக்கில் திணித்துத் தைத்துப் பழகிய கை. தைப்பதென்றால் உள்ளே இருப்பது வெளியே வராமல் தைப்பது என்றுதான் அவளுக்குத் தெரியும். நோட்டு என்ற ஒன்றை அவள் கையில் வாங்கிப் பார்த்ததே இல்லை.

குரல் போன கதை

போன வாரம் மண்டியில் நான் ஏலம் கூறிய பெருமையை அளந்திருந்தேன் அல்லவா? "அந்தக் குரல் என்னவாயிற்று?" என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார். அதைச் சொல்லாமல் இனி மேற்கொண்டு நகர முடியாது.

மண்டி என்றால் மிளகாய் வத்தல் மண்டி. மாசி, பங்குனியில் சங்கரன்கோவிலுக்குள் வண்டி வண்டியாக வத்தல் வந்து இறங்கும். குவியலுக்குக் குவியல் ஏறி நின்று நான் ஏலம் கூறுவேன். சுற்றி நிற்கிற வியாபாரிகள் அத்தனை பேரும் துண்டால் மூக்கைக் கட்டியிருப்பார்கள். நான் கட்ட முடியாது. கட்டினால் எப்படிக் கூறுவது?

"இவன் இங்கன கத்துனா சிவகிரியில பஸ்சுக்கு நிக்கிறவன் திரும்பிப் பாப்பான் வே" என்பார் மண்டி முதலாளி அண்ணாச்சி. அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் கத்துவேன். இளம் வயது.

மாடத்திக்கும் என் குரல்தான் முதலில் பழக்கம். அவள் அப்பாவோடு வண்டியில் வந்தவள், மண்டிக்கு வெளியே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். உள்ளே என் சத்தம். "மூஞ்சிய அப்புறந்தான் பாத்தேன். மூஞ்சி பரவால்லன்னு தோணிச்சு" என்று கல்யாணமான புதிதில் சொன்னாள். தை மாதம் கல்யாணம். பங்குனி முடிவதற்குள் அந்தக் குரல் போய்விட்டது.

முதலில் கரகரத்தது. பிறகு நடுநடுவே உடைந்தது. ஒரு நாள் காலையில் பெரிய குவியல் ஒன்றின் மேல் ஏறி நின்று வாயைத் திறக்கிறேன், வெறும் காற்றுதான் வருகிறது. கூட்டம் நான் வேடிக்கை காட்டுவதாக நினைத்துச் சிரித்தது.

பாளையங்கோட்டையில் ஒரு தொண்டை டாக்டரிடம் அண்ணாச்சியே கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் என் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார்.

"உள்ள ரெண்டு கொப்புளம் கெடக்கு. பேசாம இருந்தா அமுங்கும். பேசினா இருக்கிற குரலும் போயிரும்" என்றார்.

எத்தனை நாளைக்கு என்று கேட்க வாயைத் திறந்தேன்.

"இந்தா, இப்பவே பேச வாரீரே!" என்று அதட்டினார். "ரகசியம் பேசுதாப்புலகூடப் பேசப்படாது. நான் சொல்லுத வரைக்கும் ஊமைதான். நடுவுல ஒரே ஒரு தடவ சத்தம் போட்டுக் கத்தினீர்னா அதோட முடிஞ்சுது. அப்புறம் என்கிட்ட வராதேயும்."

ஊருக்குள் செய்தி பரவியதும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்கு மனிதர்கள் சொல்லுகிற சொல்லைப் பொறுக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. அது அப்போதே இருந்தது. எனக்கு முடிவெட்டுகிறவர் சொன்னார்: "கடைத்தெருவுல ரேடியோ நின்னுபோன மாதிரில்லா இருக்கு!" டீக்கடைக்காரர் சொன்னது வேறு: "தம்பி, இப்பத்தான் நீரு டீய ஆறுததுக்கு முன்னால குடிக்கீரு." இரண்டும் நிஜம்தான்.

அண்ணாச்சி வீட்டுக்கு வந்து, "எழுதிக் காட்டிப் பேசிக்கிடச் சொல்லிருக்காரு டாக்டரு. ஒரு சின்ன நோட்டு மடியில இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மண்டியின் பழைய கணக்குச் சிட்டைத் தாள்கள் ஒரு கட்டைக் கொடுத்தார். ஒரு பக்கம் எழுதியது, மறுபக்கம் வெள்ளை. அதைத்தான் மாடத்தி மூட்டையாக்கியிருந்தாள்.

சுளகில் புடைத்த காகிதம்

நோட்டை வாங்கினால் என்ன என்று இன்றைக்குக் கேட்பீர்கள். யுத்த காலத்தில் காகிதம் கண்ணிலேயே படாமல் போனது. சண்டை முடிந்து வருஷங்கள் ஓடியும் எங்கள் மாதிரி வீடுகளில் வெள்ளைத் தாளைக் கண்டால் மடித்துப் பெட்டிக்குள் வைக்கிற பழக்கம் போகவில்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதற்குமேல் படித்ததெல்லாம் சாமான் கட்டி வந்த காகிதத்தில்தான். பாதிக் கதை கடலையோடு வரும். மீதிக் கதைக்கு அடுத்த வாரம் அதே கடையில் போய்க் கடலை வாங்குவேன். மீதி ஒருநாளும் வந்ததில்லை.

சரி, மூட்டைக்கு வருகிறேன்.

தையலைப் பிரித்து, தாள்களை ஓர் ஓரமாக மட்டும் தைத்துக் கொடுக்கும்படி சைகை காட்டினேன். கொடுத்தாள். முதல் தாளைப் புரட்டினேன். தும்மல். இரண்டாவது தாள், இருமல். மண்டிக் காகிதம் அல்லவா, வருஷக் கணக்கில் வத்தல் தூசியில் கிடந்தது. இருமக்கூடாது என்பதும் டாக்டர் உத்தரவு.

மாடத்தி பதறிப் போனாள். கட்டைப் பிடுங்கிக்கொண்டு போய், தாள் தாளாகப் பிரித்து வெயிலில் காயப் போட்டாள். பிறகு சுளகில் கொட்டி, உளுந்து புடைக்கிற மாதிரி புடைத்தாள். காகிதத்தைச் சுளகில் போட்டுப் புடைத்த ஒரே பெண்பிள்ளை என் பெண்டாட்டியாகத்தான் இருக்கும். தும்மல் குறைந்தது. ஆனால் ஓரத்தில் தைத்த அந்த நோட்டு விரியவே மாட்டேன் என்றது. ஒரு கையால் அமுக்கிப் பிடித்தால் பாதிப் பக்கம்தான் தெரியும். கையை எடுத்தால் எலிப்பொறி மாதிரி டப்பென்று மூடிக்கொள்ளும்.

"இது ஏன் வாயத் தெறக்க மாட்டேங்கு?" என்று அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா தெரியாது.

பஞ்சாங்கம் பட்ட பாடு

அடுத்த வீட்டில் முத்தம்மா அக்கா. அவள் புருஷன் தறி நெய்கிறவர். அவர் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருப்பார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ராட்டில் நூல் சுற்றிக்கொண்டிருப்பாள். நாள் முழுக்கத் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, அக்காவுக்கு மெதுவாகப் பேசுவது என்பதே மறந்து போயிருந்தது. துக்க வீட்டில்கூட அவள் ஆறுதல் சொன்னால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

அக்கா ஐந்தாவது வரைக்கும் படித்தவள். அவள் வீட்டு ஆணியில் ஒரு பஞ்சாங்கம் தொங்கும். மாடத்தி அதை வாங்கிக்கொண்டு வந்தாள், "சும்மா பாத்துட்டுத் தாரேன்க்கா" என்று.

வந்தவள் கத்தியை எடுத்துத் தையலை அறுத்துவிட்டாள்.

நான் தலையில் கை வைத்தேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் நடுவில் மடித்த தாள். ஒன்றுக்குள் ஒன்று செருகி, மடிப்பின் மேலேயே துளை போட்டுத் தைத்திருந்தது. நூல் நடுத் துளையில் இறங்கி, மேல் துளையில் ஏறி, கீழ்த் துளைக்குப் போய், திரும்ப நடுவுக்கே வந்து முடிச்சாகியிருந்தது.

"ஓரத்துல இல்ல. முதுகுல தைக்கணும்" என்றாள் தனக்குத்தானே. ஒரு கன்றுக்குட்டியின் முதுகைத் தடவுகிற மாதிரி அந்த மடிப்பைத் தடவிப் பார்த்தாள்.

பிறகு பஞ்சாங்கத்தைத் திரும்பத் தைத்தாள். பழைய தையலைவிட நல்ல தையல். கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள். ஒரு வாரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து முத்தம்மா அக்காவின் குரல்:

"ஏட்டி மாடத்தி! பஞ்சாங்கத்த என்னட்டி செஞ்ச? வைகாசிக்கு அடுத்தாப்புல கார்த்திக வருது!"

தாள்களை எந்த வரிசையில் எடுத்தோம் என்பது அவளுக்கு நினைவில்லை. வரிசையைச் சொல்லும் எழுத்து அவளுக்குத் தெரியாது.

"மழ சீக்கிரம் வரட்டும்னுதான்க்கா!" என்று இவளும் இங்கிருந்தே கத்தினாள்.

தறி நின்றது. அந்தப் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் போய் வரிசைப்படுத்திக் கொடுத்தேன். மறுபடியும் தைத்தவள் அவள்தான். அந்த வருஷப் பஞ்சாங்கம் அதற்குப் பிறகு மூன்று ஆடி கழிந்தும் பிரியாமல் கிடந்ததாக அக்கா சொல்லுவாள்.

அடுத்து மாடத்தி எனக்குச் செய்து கொடுத்த நோட்டு, வைத்தால் வைத்தபடி விரிந்து கிடந்தது. தறியில் மிஞ்சின நூலை முறுக்கி மெழுகு தடவித் தைத்திருந்தாள். பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியை முத்தம்மா அக்காவிடம் வாங்கி, முதுகில் ஒரு துண்டுத் துணியை ஒட்டியிருந்தாள். கஞ்சி வாசம் பிடித்து அக்கா வீட்டு ஆடு வந்து ஒரு மூலையை நக்கிவிட்டுப் போனது. மற்றபடி குறை சொல்ல முடியாது.

தெருவுக்கே கேட்ட ரசம்

நோட்டு வந்துவிட்டது. எழுதினேன். எழுதி என்ன செய்வது? அவளுக்குப் படிக்கத் தெரியாதே.

நான் எழுதிக் கொடுப்பேன். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு முத்தம்மா அக்காவிடம் ஓடுவாள். அக்கா ராட்டை விட்டு எழுந்திருக்காமல், தறிச் சத்தத்துக்கு மேலே படிப்பாள்.

"ரசத்தில் உப்பு இல்லை!"

தெருக்கோடியில் மாடு கட்டுகிறவர் மறுநாள் என்னைப் பார்த்து, "உப்புப் போட்டாச்சா தம்பி?" என்று கேட்டார்.

"தலை வலிக்கிறது!" என்று படித்தால் இரண்டு வீட்டிலிருந்து தைலம் வரும். "உன் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பு" என்று எழுதினால், என்ன சண்டையோ என்று தெரு பயந்து போகும். அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். வேலையை நிறுத்தாமல், முகம் சுளிக்காமல், தினமும் எத்தனை தடவை என்றாலும் படித்துச் சொன்ன மனுஷி.

நானும் பழகிக்கொண்டு, தெருவுக்குச் சொல்லத் தக்கதை மட்டும் எழுதினேன். புதுப் பெண்டாட்டியிடம் சொல்வதற்குத் தெருவுக்கு ஆகாத சொற்கள் நிறைய இருக்குமே, அவையெல்லாம் உள்ளேயே கிடந்தன. பக்கத்தில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருப்பாள். அவள் ஊர்க் கதை எல்லாம் சொல்லுவாள். நான் தலையை ஆட்டுவேன். கொஞ்ச நாளில் அவளும் குறைத்துக்கொண்டாள். பதில் வராத இடத்தில் எவ்வளவு நேரம்தான் பேசுவாள்?

ஒருநாள் சாயங்காலம், விளக்கேற்றக் குனிந்தாள். திரி பற்றியதும் மூக்குத்தியில் வெளிச்சம் விழுந்தது. நான் யோசிக்கவில்லை. நோட்டை எடுத்து எழுதிவிட்டேன். எழுதியதைக் கிழித்து மடிக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். அதற்குள், ஏதோ அவசரம் போலிருக்கிறது என்று நினைத்து, அவள் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். நான் பின்னால் ஓடினேன். கூப்பிட முடியாதே! வாசலைத் தாண்டுவதற்குள் கேட்டுவிட்டது.

"விளக்கு வெளிச்சத்தில் உன் மூக்குத்தி அழகாக இருக்கிறது!"

தறி நின்றது. எதிர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. யாரோ ஒருவர் இருமினார். தெருவே கொல்லென்று சிரித்தது.

மாடத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி வந்தாள். கதவைச் சாத்தினாள். என் மடியில் நோட்டைப் போட்டாள்.

"இனிமே எனக்கு யாரும் படிச்சுக் காட்ட வேண்டாம்" என்றாள்.

கோபமா, வெட்கமா, அழுகையா? மூன்றும் இருந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. இப்படியே இருந்தால் இவள் திருவேங்கடத்துக்குப் போய்விடுவாள், தப்பென்றும் சொல்ல முடியாது என்று தோன்றியது.

ஓட்டு நோட்டீஸ்

அவள் போகவில்லை. அண்ணாச்சி வீட்டுக்குப் போனாள்.

முதல் பெரிய எலெக்‌ஷன் முடிந்திருந்த சமயம். அண்ணாச்சியின் சொந்தக்காரர் ஒருவர் நின்று தோற்றிருந்தார். அவர் அடித்த நோட்டீஸ்கள் ரோஸ் நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும் பரணில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. "விழுந்த ஓட்டவிட அடிச்ச நோட்டீசு சாஸ்தி" என்பார் அண்ணாச்சி. ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெறுமை. மாடத்தி கேட்டதும் ஒரு கட்டை அப்படியே கொடுத்துவிட்டார். வத்தல் நெடி இல்லாத காகிதம். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

இரண்டு நாள் என்னைப் பக்கத்தில் விடவில்லை. மடித்தாள், வெட்டினாள், துளைத்தாள். ரோஸ் ஒன்று, மஞ்சள் ஒன்றாகச் செருகினாள். ஜவுளிக்கடையில் துணி சுற்றி வருகிற அட்டையை மேலுறையாக்கினாள். பிறகு என் பென்சிலை வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். பென்சில் பிடிக்கத் தெரியாது. கோலப்பொடியைக் கிள்ளுகிற மாதிரி மூன்று விரலால் கிள்ளிப் பிடித்திருந்தாள்.

கொண்டுவந்து கொடுத்தாள். திறந்தேன். பக்கத்துக்கு ஒரு படம்.

செம்பு: தண்ணீர். செம்புக்கு மேலே நெளிநெளியாகக் கோடு: வெந்நீர். உப்பு போட்டு வைக்கிற மரவை. தலையணை. சூரியனும் குடையும் இருந்தால், வெளியே போகிறேன். ஒரு பக்கத்தில் பெரிய மிளகாய் வத்தல்.

இது என்ன என்று புருவத்தை உயர்த்தினேன்.

"கோவம். உங்களுக்கும் காட்டலாம், எனக்கும் காட்டலாம்."

கோலம் போட்டுப் பழகிய கை. கோடு எங்கும் நடுங்கவில்லை. நான் பக்கத்தைப் புரட்டிச் சொல்ல வேண்டியதைக் காட்டினால் போதும். எழுத்து வேண்டாம், அக்கா வேண்டாம், தெரு வேண்டாம். ஒவ்வொரு படத்தின் முதுகிலும் 'சிந்தித்து வாக்களியுங்கள்' என்று கொட்டை எழுத்து. நான் வெந்நீர் கேட்கும்போதெல்லாம் அந்தத் தோற்றுப்போன மனிதர் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

புரட்டிக்கொண்டே போனேன். நட்டநடுவில், தையல் முடிச்சு விழுகிற இடத்தில், விரித்த ரோஸ் தாளில் வேறொன்றும் இல்லை. ஒரு புள்ளி. புள்ளியைச் சுற்றிச் சின்னச் சின்ன இதழ்கள்.

நிமிர்ந்து அவள் மூக்கைப் பார்த்தேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த நோட்டு, எங்கே வைத்தாலும் தானாக அந்தப் பக்கத்தில் திறந்துகொள்கிற அளவுக்கு அதைப் புரட்டியிருக்கிறேன். சித்திரை போய், வைகாசி போய், ஆனியும் போனது. அவள் ஊர்க் கதைகளை மறுபடி சொல்லத் தொடங்கியிருந்தாள்.

தபசுக் கூட்டம்

ஆடித் தபசு வந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: அம்மன் தபசு இருந்து சுவாமி காட்சி கொடுக்கிற நாள். சுற்றுப்பட்டிச் சனம் பூராவும் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடும். காட்சி நேரத்தில் தங்கள் காட்டில் விளைந்ததை, பருத்தியோ வத்தலோ தானியமோ, சம்சாரிகள் அள்ளி வீசுவார்கள்.

கூட்டத்துக்குள் போகாதே, வத்தல் நெடி ஆகாது என்று அண்ணாச்சி சொல்லி அனுப்பியிருந்தார். கல்யாணமான முதல் தபசு. மாடத்தி கேட்கவில்லை, ஆனால் காலையிலேயே தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள். சூரியனும் குடையும் உள்ள பக்கத்தைக் காட்டினேன். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ரத வீதியில் தோளோடு தோள். என் துண்டு முனையை அவள் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள். காட்சி நேரம் நெருங்கியதும் கூட்டம் அலை மாதிரி முன்னால் போனது. யாரோ வீசிய வத்தல் எங்கள் தலைமேல் சிதறியது. நெடி ஏறுவதற்கு முன்னால் மூக்கை மூட வேண்டும் என்று சட்டென்று துண்டை இழுத்தேன். மூடிவிட்டுத் திரும்பினால் அவள் இல்லை.

இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். எல்லாம் ஈரத் தலையும் பூவும்தான். அவளுக்கு ஊர் இன்னும் பழக்கமில்லை. மண்டியும் வீடும் தவிர எதுவும் தெரியாது. மசக்கை வேறு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முந்தின வாரம்தான் நோட்டில் ஒரு தொட்டிலை வரைந்து எனக்குக் காட்டியிருந்தாள்.

குரல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சிவகிரியில் நிற்கிறவனைத் திருப்புகிற குரல் என்றார்களே, அது உள்ளே முட்டிக்கொண்டு நிற்கிறது. வாயைத் திறந்தால் போதும். கத்திவிடலாம், போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தும்விட்டேன்.

என்ன சொல்லிக் கத்துவது?

நான் அவளை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்தக் காலத்தில் யார் கூப்பிட்டார்கள்? 'ஏட்டி' என்பேன், திரும்புவாள். இந்த வீதியில் நின்று 'ஏட்டி' என்று கத்தினால் அத்தனை பெண்களும் திரும்புவார்கள். அவள் ஒருத்திக்கு மட்டும் கேட்கிற ஒரு சொல் என் வாயில் இல்லை. அது மடியில்தான் இருந்தது.

ஓரத்தில் ஒரு கட்டை வண்டி நின்றது. அதன் சக்கரத்தில் ஏறினேன். மடியிலிருந்து நோட்டை எடுத்தேன். அது தானாகத் திறக்கிற இடத்தில் திறந்தது. இரண்டு கையாலும் விரித்து, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தேன். முதுகில் தைத்த தையல். சட்டமாக விரிந்து நின்றது. அந்த மூட்டைத் தையலாக இருந்திருந்தால் அத்தனை உயரத்தில் அதை யார் பார்த்திருப்பார்கள்?

"யாருவே அது, இன்னமும் ஓட்டுக் கேக்கான்?" என்று ரோஸ் தாளைப் பார்த்துவிட்டு ஒருவர் கீழேயிருந்து கேட்டார். நான் இறங்கவில்லை. கை வலித்தது. சுவாமி வந்தார், மேளம், குலவை, எல்லாம் கேட்டது. நான் சுவாமியைப் பார்க்கவில்லை, கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூரத்தில் ஒரு கை உயர்ந்தது. சனத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள், பூவெல்லாம் நசுங்கி, முகமெல்லாம் வேர்வையாக. நான் சக்கரத்திலிருந்து குதித்தேன். அத்தனை சனத்துக்கு நடுவில் அவள் என் தொண்டையில் கையை வைத்தாள்.

"கத்தினீங்களா? கத்திட்டீங்களோ?"

இல்லை என்று தலையாட்டினேன்.

கையை எடுக்காமலே அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் விரிந்தபடி என் கையில் இருந்த நோட்டைப் பார்த்தாள்.

"ஊருக்கே காட்டுததுக்கு ஒங்களுக்கு வேற பக்கமே கெடைக்கலியா?"

சேர்த்து வைத்த சொல்

ஆடி முடிந்து டாக்டரிடம் போனேன். இந்த முறை தனியாக. கண்ணாடியை விட்டுப் பார்த்தார். "ஆ" சொல்லச் சொன்னார். சொன்னேன். யாரோ பக்கத்து அறையில் சொன்ன மாதிரி இருந்தது.

"அமுங்கிட்டு. இனி பேசலாம். ஆனா பழைய குரல் வராது. ஏலம் கூறுத சோலிய மறந்திரும்" என்றார்.

கும்பிட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் கண்டக்டர் எங்கே என்று கேட்டார். எங்கள் ஊர்ப் பாதையில் தினமும் போய்வருகிறவர், என்னைத் தெரியும். ஊர்ப் பக்கம் கையைக் காட்டினேன். சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். வழியெல்லாம் வாயை மூடிக்கொண்டுதான் வந்தேன். முதல் சொல்லை வேறு யாரிடமும் செலவழிக்க மனசில்லை.

வீட்டில் மாடத்தி தரையில் உட்கார்ந்து ரோஸ் தாள்களை மடித்துக்கொண்டிருந்தாள். மண்டி ஏலம் இனி இல்லை என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நோட்டுத் தைத்து விற்கலாம் என்பது அவள் யோசனை. பின்னாளில் நாங்கள் பிழைத்ததும் அதில்தான். விரலெல்லாம் கஞ்சிப் பசை. நான் வந்ததைக் கவனிக்கவில்லை.

"மாடத்தி" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, வாசலைப் பார்த்தாள்.

"யாரது?"

சுவருக்கு அந்தப் பக்கம் தறி நின்றது.

"ஏட்டி மாடத்தி! யாரோ ஒரு ஆம்பள ஒன்னியப் பேரச் சொல்லிக் கூப்பிடுதான்! யாருன்னு பாருட்டி!" என்றாள் முத்தம்மா அக்கா.

மாடத்தி மெல்ல என் பக்கம் திரும்பினாள். கையில் இருந்த தாள் அப்படியே இருந்தது.

"இன்னொருக்க சொல்லுங்க."

சொன்னேன்.

"இது மண்டியில கேட்ட கொரல் இல்லையே. உள்ள மணல் கெடக்கு" என்றாள்.

"இனி இதுதான்" என்றேன்.

தலையைச் சாய்த்து, இன்னும் எதையோ கேட்பது போல இருந்தாள். "இருக்கட்டும். பழகிக்கிடுதேன். இன்னொருக்க."

மறுபடி சொன்னேன்.

"யாருட்டி அது? கேக்கேன்ல!" என்று அக்கா சுவரைத் தட்டினாள்.

மாடத்தி எழுந்து வாசலுக்குப் போனாள். முத்தம்மா அக்காவே தோற்றுப் போகிற சத்தத்தில் சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரருதான்க்கா! என்னத்தான் கூப்பிடுதாரு!"

வீட்டுக்கு வீடு வாசலில் தலைகள் தெரிந்தன. இந்த முறை அவள் முகத்தை மூடிக்கொள்ளவில்லை.